மயிலையனின் மூக்கும் எங்கள் அண்ணரும்

எங்கள் அண்ணர் என்னுடைய சவாரி மாட்டின் மூக்கை அறுத்துப் போத்தலில் போடப் போகிறார் என்று நான் ஒரு காலத்தில் முழுமனதாக நம்பியிருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டில் முதல் வரியாக எழுதத் தக்க செய்தி இதுவல்ல என்பது எனக்கும் தெரியும். பிறந்த ஊர், பெற்றோர் பெருமை, கற்ற கல்வி என்று தொடங்குவதே முறை. அந்த முறைப்படி எழுதத் தெரிந்தவர்கள் இந்த மலரின் மற்றப் பக்கங்களை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். வெண்பா பாடியவர் பாடிவிட்டார். பட்டங்களை வரிசைப்படுத்தியவர் வரிசைப்படுத்திவிட்டார். மிஞ்சிய பக்கங்களுக்காக அண்ணியார் என்னிடம் வந்து, "நீங்கள்தான் கூடப் பிறந்தனீங்கள். உள்ளதை எழுதுங்கோ" என்றார். அண்ணரைப் பற்றி உள்ளதை எழுதச் சொன்னால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். அதை மறைத்து எழுதினால் அண்ணரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆகவே பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

மருதனார்மடத்துக்கு மேற்கே, புகையிலைத் தோட்டக்காரரான எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகனாக அண்ணர் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான் பிறந்தேன். அந்த ஐந்து வருடமும் அவர் தனியாக அனுபவித்த பாலையும் பாராட்டையும் நான் பிற்பாடு எவ்வளவு முயன்றும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அண்ணரின் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஒரு தீபாவளிப் பங்கில் தொடங்கியது என்றே சொல்வேன். அக்காலத்தில் நாலைந்து வீட்டார் கூடி ஒரு கிடாயை வாங்கி அடித்து, பனையோலையில் கூறு கூறாக வைத்துப் பங்கு போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஈரலின் மேல் கண் வைத்திருக்க, அண்ணர் வீசுவதற்கென்று ஒதுக்கிய குடலருகே குந்தியிருந்து, அதை ஈர்க்கினால் கிழித்து, நாடாப் போல நீண்ட ஒரு வெள்ளைப் புழுவை இழுத்தெடுத்தார். இது எப்படி உள்ளே போனது என்று கிடாய் அடித்தவரைக் கேட்டார். அது ஆட்டோடு கூடப் பிறப்பது என்றார் அவர். அப்படியென்றால் குட்டியின் வயிற்றிலும் இருக்க வேண்டுமே என்று அண்ணர் விடவில்லை. கடைசியில் ஐயா வந்து காதைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஆனால் அதே ஐயா அன்று பின்னேரம் தெருவால் போனவர் எல்லாரையும் மறித்து, தன்னுடைய மூத்தவன் கேட்ட கேள்விக்கு ஒருவருக்கும் மறுமொழி தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பங்கு ஈரலில் பெரும்பகுதியை அன்று நான் ஒருவனாகவே தின்று முடித்திருந்தேன். அதைப் பற்றி ஐயா எவரிடமும் சொல்லவில்லை.

அண்ணர் மிஷன் பாடசாலையில் படித்தார். பிறகு கொழும்பு, பிறகு இந்தியாவில் மிருக வைத்தியப் படிப்பு, அதன் பிறகு மிருகங்களின் உடம்பில் ஒட்டி வாழும் உயிர்களைப் பற்றிய மேற்படிப்புக்காகச் சீமை. ஒவ்வொரு முறையும் அவரை ரெயில் ஏற்றிவிட்டு வந்த கையோடு ஐயா என்னிடம் மண்வெட்டியைத் தருவார். தோட்டத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும், அது நான் என்பது எனக்கு மீசை முளைக்குமுன்பே தீர்மானமாகியிருந்தது.

அண்ணர் சீமையில் இருந்தபோது அம்மா காலமானார். செய்தி கப்பலில் போய்ச் சேர்ந்தபோது இங்கே அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அம்மாவின் கடைசிப் பார்வை எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அவர் என்மேல் பொறாமைப்படத் தக்க காரியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். திரும்பி வந்ததும் அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் அருகில் இருந்தார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னதைத் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ இருந்தாய்தானே. அது எனக்குக் காணும்" என்றார்.

சீமையால் வந்தவருக்கு மோட்டார் காரும் சுருட்டும் வரும் என்று இனசனத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அண்ணர் மாட்டுச் சாணத்தை வடிகட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இதைக் கேள்விப்பட்டு ஒன்றிரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயின. கொக்குவிலில் ஆசிரியையாக இருந்த அண்ணியாரைப் பார்க்கப் போன அன்றும் அண்ணரின் கோட்டுப் பைக்குள் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. அது கதிரையில் தட்டுப்பட்டு வெளியே விழ, நானும் ஐயாவும் கண்ணை மூடிக்கொண்டோம். அண்ணியார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது ஆணா பெண்ணா என்று கேட்டார். அந்த இடத்திலேயே கலியாணம் முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அதன் பின் அண்ணர் கண்ட புழுக்கள் அனைத்தையும் படமாக வரைந்தவர் அண்ணியாரே. எனக்குப் படம் வரையவும் ஆள் இல்லை, வரைவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை.

சில வருடம் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த பின், அண்ணர் தாமாகக் கேட்டு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் எடுத்து வந்தார். இங்குள்ள மாடுகளுக்கு வரும் குறட்டை வருத்தம் என்னும் நோயை ஆராய்வதே நோக்கம். அந்த வருத்தம் வந்த மாடு முழித்து நிற்கும்போதும் குறட்டை விடும், மூக்கால் சளி வடியும், நாளடைவில் மெலிந்துபோகும். எங்கள் முன்னறை புழு அலுமாரி ஆயிற்று. நகரத்தில் இறைச்சிக்கு வெட்டிய மாடுகளின் தலைகள் சாக்கில் கட்டி வந்தன. மாட்டைக் கும்பிடும் சைவ சமயத்து வீட்டுக்குள் இந்தச் சாக்கு வரக்கூடாது என்று ஐயா ஒற்றைக் காலில் நின்றதால், தோட்டத்தின் மறுகோடியிலே புகையிலை போடும் கொட்டிலில் ஒரு மேசை போட்டு, அங்கே அண்ணர் தலைகளை நெடுக்குவாட்டில் மரம் அரியும் வாளால் அரிந்து மூக்கின் உட்புறத்தை ஆராய்ந்தார். முடிந்ததும் கிணற்றடியில் முழுகிவிட்டே வீட்டுப் படி ஏறுவார்.

ஊர் அவரைப் புழு டொக்குத்தர் என்று அழைத்தது. முதலில் அது பகிடி. பிறகு மரியாதை. வயிறு ஊதிய மாடு, கண்ணில் நீர் வடியும் ஆடு, குட்டி தங்காத ஆடு என்று படலையடியில் விடியமுதலே சனம் நிற்கும். அவர்களுக்கு நான் டொக்குத்தரின்ரை தம்பி. சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் டொக்குத்தரின்ரை தம்பி. ஐயா வைத்த ஒரு பெயர் எனக்கு உண்டு என்பதை நானே சில நாட்களில் மறந்துபோனேன்.

ஒரே ஓர் இடம் விதிவிலக்கு. அது மாட்டு வண்டிகள் பந்தயம் ஓடும் சவாரித் திடல். என்னிடம் பந்தயத்துக்கென்று ஒரு திருக்கல் வண்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன. அவற்றில் இடப்பக்கம் பூட்டும் இடத்தன் மாடு மயிலையன். மயிலையன் ஓடினால் வண்டிச் சில்லு நிலத்தில் படுகிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். அங்கே சனம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒருநாள் அண்ணர் திடலுக்கு வந்தபோது, யாரோ ஒருவர் இன்னொருவரிடம், உவர்தான் மயிலையன்காரன்ரை தமையன் என்று காட்டினார். அந்த வசனத்தை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் வைத்துச் சுவைத்துக்கொண்டு வந்தேன். ஆகவே மயிலையன் எனக்கு வெறும் மாடல்ல. என்னுடைய பெயர் அந்த மாட்டின்மேல்தான் ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட மயிலையன் ஒருநாள் குறட்டை விடத் தொடங்கியது.

ஊரில் வேறு யாருடைய மாடாவது குறட்டை விட்டால் அது வருத்தம் என்று எனக்கு உடனே விளங்கியிருக்கும். என் மாடு விட்டபோது அது வீரம் என்று நினைத்தேன். மூச்சின் கனதி அப்படி, நெஞ்சு விரிந்துவிட்டது, இனி இதற்கு நிகர் இல்லை என்று திடலில் நானே விளக்கம் சொன்னேன். மற்றச் சவாரிக்காரர் சிலர் தங்கள் மாடுகளையும் குறட்டை விடப் பண்ண வழியுண்டா என்று என்னிடம் கேட்டார்கள். தினமும் பின்னேரம் குளத்தில் நெடுநேரம் நிற்க விடுங்கள், கால் இறுகும், மூச்சு வளரும் என்று புத்தி சொன்னேன். நான் மயிலையனுக்கு அப்படித்தான் செய்துவந்தேன். மற்ற மாடுகளுக்குக் கிணற்றடியில் நாலு வாளித் தண்ணீர். மயிலையனுக்கு மட்டும் குளமும் குளக்கரைப் பச்சைப் புல்லும்.

அண்ணர் மயிலையனைக் கவனிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். அதுவரை என் மாட்டுக் கொட்டில் பக்கம் எட்டியும் பாராதவர், காலையில் வந்து அதன் முகத்தைத் தடவினார். மூக்கைத் தூக்கி உள்ளே பார்த்தார். வடிந்த சளியைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக்கொண்டு போனார். கட்டிய மனிசியின் முகத்தை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஒருநாள் முன்னறையில் அண்ணியாரிடம் அவர் சொன்னது யன்னலால் என் காதில் விழுந்தது.

"இவ்வளவு நாளும் எனக்குக் கிடைச்ச மூக்கு எல்லாம் செத்த மூக்கு. இப்பத்தான் ஒரு நல்ல மூக்கு ஆப்பிட்டிருக்கு."

நான் நேரே புகையிலைக் கொட்டிலுக்குப் போனேன். மேசையில் இரண்டாய்ப் பிளந்த தலை ஒன்று கிடந்தது. அதன் இரு பாதிகளும் என்னைப் பார்த்தன. அலுமாரியில் பெரிய போத்தல் ஒன்று வெறுமையாக இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பாலைப் பறித்தார், பாராட்டைப் பறித்தார், பெயரைப் பறித்தார், கடைசியில் என் மாட்டின் மூக்கையும் பறிக்கப் போகிறார் என்று தீர்மானித்தேன். அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் அண்ணர் என்னிடம் சொன்னார்:

"தம்பி, மயிலையனை எனக்கு ஒரு மாசத்துக்குத் தா."

ஓம், அதுக்கென்ன என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே மனதுக்குள் மாட்டை ஒளிக்க இடம் தேடினேன்.

மறுநாள் அண்ணர் அலுவலாகப் பருத்தித்துறைப் பக்கம் போயிருந்த சமயம் பார்த்து, மயிலையனை அவிழ்த்து நடத்திக்கொண்டு தென்மராட்சிக்குப் புறப்பட்டேன். என் மனைவியின் தாய்வீடு சாவகச்சேரிக்கு அப்பால் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. ஒரு மாட்டை ஒளித்துக்கொண்டு போவது பெரிய வேலையல்ல. குறட்டை விடும் மாட்டை ஒளித்துக்கொண்டு போவது, மேளக்காரரை ஒளித்துக் கூட்டிக்கொண்டு போவது போல. கைதடி ஊர்வெளியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஒருவர் டொக்குத்தரின்ரை தம்பிதானே என்று கேட்டே விட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பட்டத்தை நானாக மறுத்தது அந்த ஒருமுறைதான்.

மாமி, அதாவது என் மனைவியின் தாயார், காரணம் கேட்காமல் வீட்டின் பின்புறக் கொட்டிலை ஒதுக்கித் தந்தார். சுற்றிவரப் பனையோலை வேலி. மாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்கு வேலி ஏது? மூன்றாம் நாள் அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டி, உங்கடை வீட்டிலே யார் இப்படி நித்திரை கொள்ளுறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். மாமி யோசித்துப் பார்த்துவிட்டு, மருமகன் வந்து நிற்கிறார் என்றார். காலையிலும் குறட்டை, மத்தியானமும் குறட்டை. வலிகாமத்திலிருந்து வந்த மருமகன் தோட்டம் துரவை விட்டுவிட்டு மாமியார் வீட்டில் இரவு பகலாய்த் தூங்குகிறான் என்று ஒழுங்கை முழுவதும் கதை பரவிற்று. அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எனக்காகக் கொத்தமல்லிக் கசாயம் அனுப்பினார். நான் அதைக் குடித்தேன். மூக்கைக் காப்பாற்றுகிறவன் கொஞ்சம் கசப்பையும் குடிக்க வேண்டும்.

ஆனால் மயிலையனோ நாளுக்கு நாள் மெலிந்தது. தவிட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கில் கோத்த நாணயக்கயிற்றைப் பிடித்தால் மூக்கு நோவில் தலையை உதறியது. இரவலாய் வந்த வீரம் இறங்கிக்கொண்டிருந்தது எனக்கும் விளங்கியது. திரும்பக் கொண்டுபோனால் போத்தல், இங்கேயே வைத்திருந்தால் இது. என்ன செய்வது என்று வைக்கோற் போருக்கு மேல் ஏறியிருந்து யோசித்துக்கொண்டிருந்த ஒரு பகற்பொழுதில், முன்படலையில் சைக்கிள் மணி கேட்டது.

அண்ணர் என்னைத் தேடி வரவில்லை. அவர் வீடு திரும்பாமல் அந்தக் கிழமை முழுவதும் தென்மராட்சிக் குளங்களில் நத்தை பொறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். முழங்கால்வரை சேறு, தோளில் நத்தை நிறைந்த வலைப்பை. சம்பந்தி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம் என்று வந்திருக்கிறார். நான் போருக்கு மேல் படுத்துக்கொண்டேன். கீழே நடந்ததெல்லாம் கேட்டது.

மாமி மோர் கொடுத்தார். பின்னாலிருந்து மயிலையன் பலமாக ஒரு குறட்டை விட்டது. "மருமேன் நித்திரை, தம்பி. பகலிலையும் உப்பிடித்தான்" என்றார் மாமி.

அண்ணர் செம்பைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"மாமி, உது தம்பியின்ரை மூக்கில்லை. தம்பியின்ரை மூக்கு எனக்குத் தெரியும். அதோடை பத்து வருசம் ஒரே பாயிலை படுத்தனான்."

அவர் கொட்டிலுக்குள் வந்தபோது நான் போரிலிருந்து சறுக்கி இறங்கி, தலைநிறைய வைக்கோலோடு நின்றேன். அண்ணர் என்னைப் பார்க்கவில்லை. மயிலையனின் மூக்கைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், விலா எலும்புகளில் கையை ஓட்டினார். பிறகுதான் கேட்டார்:

"ஏன் இஞ்சை கொண்டந்தனி?"

"நீங்கள் அறுக்கப் போறியள் எண்டு."

"எதை?"

"மூக்கை."

அண்ணர் சிரித்துக் கண்டவர்கள் குறைவு. அன்று அவர் சேற்றுக் காலோடு நிலத்தில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விசரா, அறுக்கிறவன் ஒரு மாசத்துக்கே கேப்பான்? அறுக்க அரை மணித்தியாலம் காணுமே" என்றார்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் நான் சாவகச்சேரிவரை மாட்டை நடத்திக்கொண்டு வந்திருந்தேன்.

பிறகு வலைப்பையிலிருந்து ஒரு நத்தையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தட்டையாய்ச் சுருண்ட, அழகில்லாத ஒரு சின்ன நத்தை. இதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெளியேறித் தண்ணீரில் நீந்தும் என்றும், தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்றும், மூக்கின் நாளங்களில் போய்க் குடியிருந்து வளர்ந்தால் அங்கே சதை தடித்து மூச்சை அடைக்கும் என்றும் சொன்னார். எந்தக் குளத்தில் விட்டாய் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு நேரம் என்றார். அதையும் சொன்னேன். "செல்லம் குடுத்துக் குடுத்து வருத்தத்தைக் குடுத்திருக்கிறாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஒரு மருந்து வந்திருக்கிறது, அதைக் கழுத்து நாளத்தில் நேரே ஏற்ற வேண்டும், ஒரு சொட்டு வெளியே சிந்தினால் சதை அழுகும், அளவு கூடினால் மாடு செத்துப்போகும், தான் இதுவரை உயிருள்ள மாட்டில் ஏற்றிப் பார்த்ததில்லை என்று அண்ணர் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஏற்றாவிட்டால் என்ன என்று கேட்டேன். இனி ஓடாது, மெலிந்து மெலிந்து போகும் என்றார். எனக்குள் கிடந்த பழைய புழு அப்போதும் நெளிந்தது.

"ஊரிலை வேறை மாடு இல்லையோ? ஏன் என்ரை மாடு?"

"குறட்டை விடுற மாடு ஊரிலை கனக்க நிக்குது. நேற்று எவ்வளவு திண்டது, எந்தப் பக்க மூக்காலை மூச்சு விட்டது எண்டு கேட்டாச் சொல்லக்கூடிய சொந்தக்காரன் நீ ஒருத்தன்தான். உன்னைப்போலை மாடு பாக்கிறவனை நான் காணேல்லை."

அண்ணரின் வாயால் நான் கேட்ட முதற் பாராட்டு அது. வைக்கோல் தலையோடு நின்று கேட்டேன். தா என்று அவர் திரும்பவும் கேட்கவில்லை. கொண்டுபோங்கோ என்று நானே கயிற்றைக் கையில் கொடுத்தேன்.

முதல் ஊசி ஏற்றிய காலையில் நான் மயிலையனின் தலையைப் பிடித்திருந்தேன். சீமைப் படிப்பெல்லாம் படித்தவர் கழுத்து நாளத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்த பின்பே ஊசியைக் குத்தினார். இரண்டாம் ஊசிக்குப் பிறகு மாடு படுத்துவிட்டது. நான் வாயில் வந்தபடி அண்ணரை ஏசினேன். அவர் வீட்டுக்குள் போகாமல், கொட்டிலிலே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அதன் தலைமாட்டில் இருந்தார். அண்ணியார் தேநீரை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். மாடு எழும்பியது. அதன் பிறகும் ஊசிகள் போயின. ஒருநாள் காலை நான் கொட்டிலடிக்குப் போனபோது ஒரு சத்தமும் இல்லை. என் மாடு செத்துப்போச்சு என்று நான் போட்ட கூச்சலில் ஐயா விழுந்தடித்து ஓடிவந்தார். மயிலையன் அமைதியாக மூச்சு விட்டபடி அசை போட்டுக்கொண்டு நின்றது. ஐயா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

அதற்குப் பிறகு வந்த பொறாமை எல்லாவற்றிலும் பெரியது. அண்ணரின் சைக்கிள் மணி கேட்டால் மயிலையன் காதைத் திருப்பும். குத்தியவர் அவர், தவிடு வைத்தவன் நான். என் காலடிக்கு அது ஒருநாளும் காதைத் திருப்பவில்லை.

அந்தப் பருவம் திடலுக்குப் போகவில்லை. அடுத்த பருவம் போனோம். மயிலையன் பழையபடி ஓடியது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது சனம் ஆரவாரம் செய்தது. நான் என் பெயரைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டொக்குத்தரின்ரை மாடு வெண்டுட்டுது, டொக்குத்தரின்ரை மாடு என்று ஒரே சத்தம். மூக்கு தப்பியது. பெயர் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் சுவைக்க ஒன்றும் இருக்கவில்லை.

பின்பு உலக யுத்தம் வந்தது. மருந்து வருவது நின்றது. மருந்தில்லாவிட்டால் வாயாவது இருக்கிறது என்று அண்ணர் ஊர் ஊராகப் போய், மாட்டைக் குளத்தில் இறக்காதேயுங்கோ, கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக் கொடுங்கோ என்று சொல்லித் திரிந்தார். கேட்டவர்களின் மாடு தப்பியது. மீண்டும் கொழும்புக்கு மாற்றம் வந்தது, போனார். நெஞ்சு வருத்தத்தால் முன்னதாகவே ஓய்வு பெற்று வீடு வந்தார். யாரையும் கடிந்து பேசாத, யாரிடமும் கைம்மாறு எதிர்பாராத, பேச்சைக் காட்டிலும் கவனிப்பை அதிகமாக வைத்திருந்த ஒரு மனிதர். கடைசி மாதங்களிலும் படுக்கையோடு ஒட்டிக் கதிரை போட்டுச் சனம் தத்தம் ஆடு மாட்டின் குறை சொல்லிக்கொண்டிருந்தது. நான் கதிரை கிடைக்காமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பேன். ஒரு காலையில் அண்ணியார் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார், திறக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த வண்டிகள் ஒழுங்கை கொள்ளாமல் பெருந்தெருவரை நின்றன. என்னுடையதுக்கு இதில் காற்பங்கு வந்தால் பெரிது என்று அந்த நேரத்திலும் என் மனம் கணக்குப் போட்டது.

இனி நன்றி. அண்ணரின் நோய்க்காலத்தில் நேரம் பாராது வந்து பார்த்த வைத்தியருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், பந்தல் போட்டு விறகு பிளந்து அடுப்பங்கரையைப் பொறுப்பெடுத்த அயலவர்களுக்கும், திருமுறை ஓதியவர்களுக்கும், இன்று கீரிமலைக்குக் கூடவந்து நீராடிக் கிரியைகளில் கலந்துகொண்ட இனசனத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தென்மராட்சியிலிருந்து தள்ளாத வயதிலும் வந்திருந்த என் மாமிக்கும் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கொழும்பில் அண்ணரோடு ஒரே அறையில் உத்தியோகம் பார்த்த வடமராட்சிப் பெரியவர் ஒருவர் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். என்னை முன்பின் கண்டதில்லை. நேரே வந்து, "நீங்கள்தானே அந்த மாட்டுக்காரர்?" என்று கேட்டார். பழக்க தோசத்தில், ஓம், டொக்குத்தரின்ரை தம்பி என்றேன். அவர் என் கையை விடாமல் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொன்னதை நான் அதுவரை அறியவில்லை.

மயிலையனுக்குச் சுகம் வந்ததை அண்ணர் மேலிடத்துக்கு அறிவித்தபோது, குறட்டை நின்றது போதாது, உள்ளே புழு செத்ததற்கு அத்தாட்சி வேண்டும், மாட்டை வாங்கி வெட்டித் தலையைத் திறந்து பாருங்கள் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. அதைச் செய்திருந்தால் இந்த மருந்தின் பலனை முதன்முதலில் நிறுவியவர் எங்கள் அண்ணராக இருந்திருப்பார். திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அண்ணர் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதானாம்: "அது என்ரை தம்பியின்ரை மாடு. தலை மாட்டோடைதான் நிக்கும்." வேறு மாட்டில் செய்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் யுத்தம் வந்து மருந்தை நிறுத்திவிட்டது. வேறு தேசத்தில் வேறொருவர் வேறு மாட்டின் தலையைத் திறந்து அதை நிறுவினார். புத்தகத்தில் இருப்பது அவருடைய பெயர்.

வாழ்நாள் முழுவதும் அண்ணர்மேல் பொறாமைப்பட்ட நான், முகம் தெரியாத அந்த மனிதர்மேல் அண்ணருக்காகப் பொறாமைப்பட்டுக்கொண்டு செத்தவீட்டு வேலியோரம் நின்றேன்.

அண்ணர் என்னிடம் அந்தத் தலையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று என்னைக் கேட்காதேயுங்கள். மயிலையன் வயது போய், ஒரு மாரித் தொடக்கத்தில், எங்கள் கொட்டிலிலேயே செத்தது. அண்ணர் அப்போது கொழும்பில் இருந்தார். செய்தி அனுப்பினேன். மாடு கடைசியில் நோவுபட்டதா என்று மட்டும் கேட்டு எழுதினார். இல்லை என்று எழுதினேன். அதற்குள் நாங்கள் மாட்டைத் தோட்டத்து வேலியோரம் முழுதாகவே புதைத்திருந்தோம்.